முப்பத்தெட்டாவது விநாடி

கேசட்டின் உச்சியில் இரண்டு பல்.
உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது.
ஓட்டைகளில் செலோடேப் ஒட்டினால்
பதியும்.
அம்மாவின் முருகன் பாடல்கள் மேல்
அப்படித்தான் ஏறி உட்கார்ந்தது
'செகண்ட் ஷிப்ட்.'
ஹாமில்டன், தொண்ணூற்று மூன்று மார்ச்,
பார்ட்டன் வீதிக்குப் பின்னால்
லூயிஸ் மெடெய்ரோஸ் வீட்டு பேஸ்மென்ட்.

பெயர் வைத்தது உருக்காலை என்றே சொல்லலாம்.
டார்க்கோவின் அப்பாவுக்கு இரவு வேலை,
லூயிஸின் அப்பாவுக்கு மாலை வேலை.
எந்த வீட்டில் கூடினாலும்
மேலே ஓர் அப்பா நித்திரை.
ஆகவே கிளெனின் டிரம்மில் இரண்டு போர்வை,
ஸ்பீக்கர் வாயில் ஒரு தலையணை.
உலகத்தையே உடைக்கிற பாட்டை
குசுகுசுவென்று வாசித்தார்கள்.

ரூபன் ஆங்கிலத்தில் கத்துவான்,
தாளம் தப்பினால் தமிழில் திட்டுவான்.
என் வேலை,
இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தி
மூச்சை அடக்கிக்கொள்வது.

இப்போது ஒரு சப்பாத்துப் பெட்டி.
ஏழு கேசட். ஒடிந்த டிரம் குச்சி, பாதிதான்.
பள்ளி ஜிம்மில் நடந்த ஒரே கச்சேரியின் போஸ்டர்:
நுழைவு இரண்டு டொலர்
அல்லது ஒரு டின் சூப்.
(சூப்தான் அதிகம் சேர்ந்தது.)
ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
குண்டூசி ஓட்டைகளும்
கறுப்பாக, வட்டமாக, படத்தில் விழுந்தன.

டார்க்கோ இப்போது வீடு விற்கிறான்.
'அந்தத் தலைமயிர்ப் படத்தைப் போடாதே,
வாங்க வருகிறவர்கள் தேடிப் பார்ப்பார்கள்.'
ரூபன் இரவு பதினொன்றுக்கு எடுத்தான்:
'ரெண்டாவது சரணத்தில சுருதி விலகுது.
இப்ப உதெல்லாம் திருத்தலாமாமே?'
திருத்தலாம் என்றேன்.
திருத்தவில்லை.
கிளெனுக்கு முகவரி இல்லை.
கல்கரி என்றார் ஒருவர்,
தண்டர் பேயில் சமையல் வேலை என்றார் இன்னொருவர்,
லூயிஸ் பேச்சை மாற்றினான்.

இரைச்சலை அகற்றவா என்று கேட்டது மென்பொருள்.
ஒருதரம் சரி என்றேன்.
நாடாவின் சீறல் போனது.
கூடவே ஹீட்டர் உறுமியது போனது,
ஸ்பீக்கர் மேலிருந்த கோப்பை நடுங்கியது போனது,
படிக்கட்டில் யாரோ பாதிவரை இறங்கி
திரும்பிப் போனதும் போனது.
சுவரில்லாத எங்கேயோ
நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
பழையபடியே விட்டேன்.

முதல் பாட்டு, நாற்பத்தொன்றாவது விநாடி,
ஓர் இருமல்.
மென்பொருள் அதற்குச் சிவப்புக் கோடு போட்டது.
அந்த மார்ச் முழுக்க எனக்குச் சளி.

'கலைஞர்கள்' என்று ஒரு கட்டம்.
நாலு பெயர் அடித்தேன்.
போஸ்டரின் அடியில், சூப்புக்கும் கீழே,
'ஒலி: வின்னி' என்றிருந்தது.
வினோதரஞ்சினியை அந்தப் பள்ளியில்
ஒருவருக்கும் சொல்ல வரவில்லை.
ஐந்தாவதாய் அடித்தேன்:
வினோதரஞ்சினி, இருமல்.
கட்டம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்ததும்
பதியாமல் தப்பிய ஒன்பது விநாடி
முருகனுக்கு நாதஸ்வரம்.
அதையும் வெட்டவில்லை.
டார்க்கோ எழுதினான்:
'கடைசியில் வருகிற அந்த ஹார்ன் பிரமாதம்.
யார் வாசித்தது? மறந்தே போயிற்று.'

ஒரு வாரத்தில் மூன்று தடவை கேட்கப்பட்டிருக்கிறது.
இரண்டு நான்.
மற்றது தண்டர் பே,
செவ்வாய், விடியப்புறம் மூன்று மணி,
ஹோட்டல் அடுப்புகள் அணைந்து,
பாத்திரம் கழுவி, வீடு வந்து சேர்கிற நேரம்.
முதல் பாட்டு.
முப்பத்தெட்டாவது விநாடியில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

இன்னும் மூன்று விநாடி, கிளென்.